இளையவர் முதலில்

டீன் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், யாரோ செத்துப்போயிருக்க வேண்டும் என்றுதான் வாத்தியாரம்மாவுக்கு முதலில் தோன்றியது. வேறு எதற்கு வரப்போகிறார்? வணிக மேலாண்மைக் கல்லூரியின் ஆசிரியர் குடியிருப்பில் அவள் இத்தனை வருஷமாக இருக்கிறாள். அவர் பங்களாவுக்கும் இவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பூங்கா, அவ்வளவுதான். அதைத் தாண்டி அவர் கால் இந்தப் பக்கம் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, ஈரக் கையோடு காலி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவன் எதிர் நாற்காலியின் நுனியில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் மாதிரி முழங்கால்களை ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் கலர் தாள் சுற்றிய கூடையில் ஆப்பிள். உள்ளறையில் அப்பா இருமினார். கணவன் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அப்படியும் இருமல் கேட்டது.

"வாங்க சார். சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"அதனால என்ன மேடம், சும்மா இந்தப் பக்கம் நடந்தேன். அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அப்பா என்று ஒருவர் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகுதான் உறைத்தது. அப்பாவின் வைத்தியம் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் அனுமதிக் கையெழுத்துப் போடுகிறவர் இவர்.

கணவன் டீ கொண்டுவந்தான். கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த கோப்பைகள், அலமாரியை விட்டு அதிகம் வெளியே வராதவை. டீன் வாங்கினார், சிரித்தார், மேஜையில் வைத்தார். "சூடா இருக்கு, ஆறட்டும்" என்றார். அது ஆறியது. மேலே ஆடை படிந்தது. பேச்சு முடியும்வரை அந்தப் பக்கம் அவர் கை போகவே இல்லை. கணவன் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியாரம்மா பார்க்கவில்லை. இப்படி ஆறிப்போன டீயை அவள் நிறையப் பார்த்தாகிவிட்டது.

அவள் தோல் தெருவில் பிறந்தவள். ஊருக்கு வெளியே, ஆற்றோரத்தில், மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் சுரண்டி, சுத்தம் செய்கிறவர்களின் தெரு அது. அந்தத் தோல் தொழிற்சாலையை மூடி எவ்வளவோ காலம் ஆயிற்று. தொட்டிகளை இடித்து, மண்ணைக் கொட்டி, அதன்மேல் யாரோ கிடங்கு கட்டிவிட்டார்கள். நாற்றம் போன இடம் தெரியவில்லை. ஊர்க்காரர்களின் மூக்கு மட்டும் பழைய வேலையை இன்னும் விடவில்லை. தெருப் பெயரைச் சொன்னால் போதும், தானாகச் சுருங்கும். இந்தக் கல்லூரியில் அவள் சேர்ந்த அன்று, ஆசிரியர் அறையில் ஒருவர் எழுந்து, ரொம்ப மரியாதையாக, ஜன்னலைத் திறந்து வைத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் தெருப் பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக உட்காரவைத்து, குச்சியும் கையுமாகப் பாடம் நடத்துவாளாம். வாத்தியாரம்மா என்ற பெயர் அப்படி வந்தது. அப்பா இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார். இங்கே அவள் நடத்துவது மனிதவளப் பாடம். யாரை வேலைக்கு எடுப்பது, எப்படி எடுப்பது, எடுத்தவரை எப்படி மரியாதையாக வைத்துக்கொள்வது என்று நாளைய முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அவள் உள்ளே வந்தது போன ஆட்சியின்போது. உங்கள் ஆசிரியர்களைப் பார்த்தால் ஒரே வீட்டுக் கல்யாண போட்டோ மாதிரி இருக்கிறது, எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் எடுங்கள் என்று அப்போது மேலிடத்தில் சொன்னார்கள். அப்படி எடுக்கிற கல்லூரிக்கு நிதியும் தந்தார்கள். கல்லூரி ஒரு திட்டம் போட்டது, திட்டத்துக்கு ஒரு பலகை மாட்டியது, அவளை எடுத்தது. கல்லூரி விளக்கப் புத்தகத்தின் அட்டையில் வருஷா வருஷம் சிரித்தது அவள் முகம்தான். ஆனால் அவள் வேலை மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலையாகவே இருந்தது. பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. கல்லூரிகளில் தகுதியைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள், தெருவைப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள் என்று புது அமைச்சர் மேடை மேடையாக முழங்கினார். அந்த வாரமே பலகை காணாமல் போனது. அடுத்த வருஷ அட்டையில் கல்லூரிக் கட்டடத்தின் படம் வந்தது. கட்டடத்தைப் பார்த்து நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்க முடியாதே.

"வேலைக்கு மனு போட்ட அந்தப் பொண்ணு நாளைக்கு மாதிரி வகுப்பு எடுக்குது. தெரியுமில்ல?" என்றார் டீன்.

"தெரியும் சார். நானும் நியமனக் குழுவுல இருக்கேனே."

"அதான் வந்தேன்." குரலைத் தணித்தார். "உங்க தெருப் பொண்ணு."

"ஆமா சார். நான் தெருவை விட்டு வர்றப்ப அது கைக்குழந்தை. பேசினதுகூட இல்லை."

"அமைச்சர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு மேடம். பழைய திட்டத்தையே இன்னும் ஓட்டுறீங்களாமேன்னு கேக்கறாங்க. அங்கீகாரம் புதுப்பிக்கிற நேரம் இது. எனக்கென்ன, அந்தப் பொண்ணு மேல கோபமா? இத்தனை பிள்ளைங்க படிக்கிற இடம், நான் எல்லாரையும்தானே பாக்கணும்?"

"நான் என்ன பண்ணணும் சார்?"

"வழக்கப்படி நீங்கதானே முதல்ல பேசுவீங்க."

அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. நியமனக் குழுவில் யார் கடைசியாகச் சேர்ந்தவரோ அவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் பயந்து ஒத்து ஊதுவார்கள் என்று கல்லூரியைத் தொடங்கியவர் செய்துவைத்த ஏற்பாடு. இன்னொன்றும் உண்டு. குழு ஒருமனதாக இருந்தால்தான் வேலை. ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். இந்த இரண்டையும் பற்றி அங்கே எல்லாருக்கும் பெருமை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சொல்லிக்காட்டுவார்கள்.

"இன்னும் பக்குவம் போதாது, கொஞ்ச காலம் போகட்டும், அப்படி ஏதாவது நயமா சொல்லிட்டீங்கன்னா போதும்," என்றார் டீன். "நாங்க யாராவது சொன்னா பத்திரிகைக்காரன் வேற மாதிரி எழுதுவான். நீங்களே சொன்னா யாரும் மூச்சு விட முடியாது."

போன ஆட்சியில் கல்லூரிக்கு அவள் முகம் தேவைப்பட்டது. இந்த ஆட்சியில் வாய் தேவைப்படுகிறது. 

"அந்தப் பொண்ணு இன்னும் வகுப்பே எடுக்கலையே சார்."

"எடுக்கட்டும் மேடம். தாராளமா எடுக்கட்டும். யார் வேண்டாங்கறா?" எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உங்க வேலை நிரந்தரம் ஆகற விஷயம் அடுத்த மாசம் வருது. நானே முன்ன நின்னு முடிச்சு வைக்கிறேன். அப்பாவை நல்லா பாத்துக்குங்க."

அவர் பூங்காவுக்குள் போய் மறையும்வரை கணவன் வாசலில் நின்றான். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் டீயைக் கொட்டினான். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு வாய் குடிக்கலை பாத்தியா?" என்றான். அடுத்த நிமிஷமே, "குடிக்கலைன்னா போகட்டும். வீடு தேடி வந்திருக்காருல்ல" என்றான்.

அவன் தோல் தெருக்காரன் இல்லை. பார்சல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அவளைக் கட்டிக்கொண்டதற்காக அவன் வீட்டார் அவனைக் கைகழுவிவிட்டார்கள். அவன் அம்மா செத்தபோது சொல்லி அனுப்பக்கூட ஆள் இல்லை, மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. அதை ஒரு நாளும் அவன் குத்திக்காட்டியதில்லை. அதனாலேயே அவன் எதையாவது கேட்டால் மறுப்பது அவளுக்குக் கஷ்டம்.

"என்ன சொல்லப்போறே?"

"தெரியலை."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? அந்தப் பொண்ணு உனக்கு யாரு? அக்காவா, தங்கச்சியா?"

"யாரும் இல்லை."

"அப்புறம்? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம விட்டா இந்த வீடும் போச்சு, மாமாவோட ஆஸ்பத்திரியும் போச்சு. அந்தப் பொண்ணா வந்து மாமாவுக்கு மூச்சு விட்டுத் தரப்போகுது?"

அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள். அப்பா மூன்று தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வாங்கும். சுண்ணாம்பும் தோலுக்குப் போடும் மருந்துத் தூளும் தின்ற நுரையீரல். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று முகமே சொன்னது. தெருவில் ஒரு காலத்தில் மேஸ்திரியையே எதிர்த்துப் பேசியவர் அவர். பயப்படாதே, போய்ச் சொல்லு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் அவள் உள்ளே போனாள்.

"வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றார் அப்பா.

"அப்பா!"

"அவ அப்பனும் நானும் ஒரே தொட்டியில இறங்கி நின்னவங்க. அவன் எனக்கு முன்னாடியே போயிட்டான். அவன் முகத்தை நெனச்சா..." இருமல் வந்து பிடித்துக்கொண்டது. அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் சொல்லிடு வாத்தியாரம்மா. ஒருத்தியாவது உள்ள இருக்கணும்ல? நம்மள்ல ரெண்டு பேர் சேந்து நிக்க எங்க இடம் விட்டாங்க?"

அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. எதற்கும் அஞ்சாத மனிதரை ஒரு கூடை ஆப்பிள் இப்படிப் பேச வைத்துவிட்டதே என்று இருந்தது. தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். அன்று முழுக்க வீட்டில் யாரும் அந்தக் கூடையைப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை படிப்படியாக இறங்கும் பெரிய வகுப்பறையில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். குழுவினர் கடைசி வரிசையில். டீனுக்கு அந்தப் பக்கம் நிதிப் பேராசிரியர். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வட்டி. இந்தப் பக்கம், வாத்தியாரம்மாவை ஒட்டி, ஓய்வு பெறப்போகும் புள்ளியியல் பேராசிரியர். அவர் பெயர் சராசரி. இரண்டு பேருக்கும் தங்கள் பெயர் தெரியும். சராசரி அதைக் கேட்டுச் சிரிப்பார், வட்டி சிரிக்க மாட்டார்.

அந்தப் பெண் ஒல்லியாக இருந்தாள். போட்டிருந்த கோட்டு இதற்கென்றே வாங்கியது போலும், கை கொஞ்சம் நீளம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்து ஓரமாக வைத்தாள். 

"ஒரு ரொட்டித் தொழிற்சாலை. பகல்ல சுடற ரொட்டி அருமையா வருது. ராத்திரி ஷிப்ட்ல மட்டும் கருகுது. ஏன்?"

கைகள் உயர்ந்தன.

"தூங்கிடுவாங்க மேடம்!" வகுப்பு சிரித்தது.

"மேற்பார்வைக்கு ஆள் இருக்காது."

"ராத்திரி வேலைக்கு வர்றவங்க ஒரு மாதிரி ஆளுங்க மேடம். பொறுப்பு இருக்காது."

அவள் யாரையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே பலகையில் எழுதினாள். "முதலாளியும் இதையேதான் நெனச்சார். அபராதம் போட்டார், கருகறது நிக்கலை. மேற்பார்வைக்கு ஆள் போட்டார், நிக்கலை. மொத்த ஷிப்டையும் வேலையை விட்டு அனுப்பிட்டுப் புது ஆளுங்களை எடுத்தார். அவங்களும் கருக்கினாங்க. இப்ப சொல்லுங்க."

 யாரோ அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். அடுப்பு அதே அடுப்புதான். மாவும் அதே மாவு. அப்புறம் எரிவாயு என்றார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டாள். ஊருக்கெல்லாம் வருகிற அதே குழாயில் என்றார்கள். ராத்திரி ஊரில் என்ன நடக்கும் என்று கேட்டாள். நடு வரிசையில் குட்டை முடிக்காரி ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். "யாரும் சமைக்க மாட்டாங்க! அப்ப குழாய்ல அழுத்தம் கூடும்... தீ கூடும் மேடம்!"

"ஆமா," என்றாள் அந்தப் பெண். திரும்பி, பலகையில் முதலில் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தாள். தூங்கிடுவாங்க. பொறுப்பு இருக்காது. ஒரு மாதிரி ஆளுங்க. வாசித்துவிட்டு வேறொன்றும் சொல்லாமல் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சராசரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கண்ணையும் துடைத்தார். "இப்படி ஒரு வகுப்பு பாத்து ரொம்ப நாளாச்சு மேடம்" என்று வாத்தியாரம்மாவின் காதோரம் சொன்னார்.

அரை மணி கழித்துக் குழு கூடியது. நீள்வட்ட மேஜை, சுவரில் கல்லூரியைத் தொடங்கியவரின் படம். மூலையில் கூட்டக் குறிப்பு எழுத ஒரு குமாஸ்தா. டீன் மோதிர விரலால் மேஜையைத் தட்டினார்.

"வழக்கப்படி இளையவர் முதலில். சொல்லுங்க மேடம்."

நேற்றிலிருந்து அவள் இரண்டு பதில்களையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வேண்டாம் என்பது சுலபமாகவே வாயில் வந்தது. பக்குவம் என்று ஒரு சொல் போதும், யாருக்கும் காயம் இல்லை. அப்பாவின் இருமல் காதில் கேட்டபடி இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பாவும் இதே மாதிரி இருமித்தான் செத்திருப்பார் என்று ஏனோ அப்போது நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்த பிறகு பக்குவம் என்ற சொல் வர மறுத்தது.

"எடுக்கணும் சார்," என்றாள். "இத்தனை பேர் வந்து எடுத்துக் காட்டினதுல இதுதான் சிறந்த வகுப்பு. ஆராய்ச்சியும் இவங்களுதுதான் மேல. எனக்கு ஒரு தயக்கமும் இல்லை."

டீனின் பேனா நின்றது. போனைத் தடவிக்கொண்டிருந்த வட்டி தலையைத் தூக்கினார். தன் முறை வந்தபோது தொண்டையைச் செருமினார்.

"வகுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அதுல குறை சொல்ல முடியாது. ஆனா, காலம் எப்படி இருக்குன்னு ஒண்ணு இருக்கே."

"அது எடுக்கணுமா வேண்டாமா சார்?" என்று கேட்டாள் வாத்தியாரம்மா.

"நான் அப்படி எதுவும் சொல்லலையே" என்றார் வட்டி. அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை.

சராசரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை இன்னும் மடியில் கிடந்தது. "எனக்கு... மத்தவங்க எப்படியோ அப்படித்தான்" என்றார். வாத்தியாரம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

வேண்டாம் என்ற சொல் மேஜைமேல் கிடந்தது. அதைக் கையில் எடுக்கத்தான் ஆள் இல்லை. டீன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் முகம் தெளிந்தது.

"ஒரு சின்ன சிக்கல் இருக்கு," என்றார். "மேடமும் அந்தப் பொண்ணும் ஒரே தெரு. சொந்த ஊர்ப் பாசம்னு ஒண்ணு வரத்தானே செய்யும்? மேடத்தைக் குறையா சொல்லலை. ஆனா அவங்க கருத்தை எடுத்துக்கறது முறையில்லை. முதல் கருத்தே செல்லாதுன்னா குழு சரியா கூடலைன்னுதான் அர்த்தம். குழு சரியில்லைன்னா தேர்வும் செல்லாது. இந்த இடத்தை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்."

வட்டி உடனே தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்துச் சராசரியின் தலையும் ஆடியது.

வாத்தியாரம்மா டீனையே பார்த்தாள். "நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா செல்லுமா சார்?"

 குமாஸ்தா குனிந்த தலை நிமிரவில்லை.

"எழுதிக்கப்பா," என்றார் டீன் அவனிடம். "குழு ஒருமனதாகத் தேர்வை ரத்து செய்கிறது."

"ஒருமனதா இல்லை சார். நான் ஒத்துக்கலை."

"உங்க கருத்தைத்தான் எடுத்துக்க முடியாதே மேடம்" என்றார் டீன். குரலில் கோபமே இல்லை, ஏதோ கணக்கில் சின்னத் தப்பைத் திருத்துகிறவர் மாதிரிதான் சொன்னார்.

முடிவைக் குழுவில் இருப்பவர்கள் வெளியே சொல்லக்கூடாது. அலுவலகத்திலிருந்து கடிதம்தான் போகும். வாத்தியாரம்மா நேராக வராந்தாவுக்குப் போனாள். அந்தப் பெண் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மேடம், நீங்க நம்ம தெருதானே? அம்மா சொன்னாங்க. காலையிலேயே வந்து பேசணும்னு இருந்துச்சு. நாலு பேர் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு விட்டுட்டேன்."

 "கிடைக்கலைம்மா" என்றாள் வாத்தியாரம்மா.

 அந்தப் பெண் கோட்டின் நீளமான கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "எங்க தப்பு பண்ணேன் மேடம்? எரிவாயு விஷயத்தை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கணுமோ? சீக்கிரம் விட்டுக்கொடுத்துட்டேனோ?"

"நீ ஒரு தப்பும் பண்ணலை. பண்ணியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க. தப்பே கிடைக்காமதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தாங்க."

இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் வந்தது. சத்தம் வராமல் அழுதாள். பழக்கப்பட்ட அழுகை. வாத்தியாரம்மாவும் இந்த வராந்தாவிலேயே அப்படி அழுதிருக்கிறாள். தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கோர்ட்டுக்குப் போறதா இருந்தா போ. உள்ள யார் என்ன சொன்னாங்கன்னு நான் வந்து சொல்றேன்."

"உங்க வேலை மேடம்?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது. இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த இரண்டு முகங்களையும் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மணி அடித்தது. அவளுக்கு வகுப்பு இருந்தது. அதே மாணவர்கள்தான். அன்றைய பாடம், வேலைக்கு ஆள் எடுப்பதில் நடுநிலைமை.

உள்ளே நுழைந்ததுமே முன்வரிசைப் பையன், "ரொட்டி மேடம் எப்ப சேர்றாங்க மேடம்?" என்று கேட்டான்.

அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இன்னைக்கு ஒரு கேஸ் சொல்றேன்" என்றாள். அந்தக் கல்லூரியில் பாதிப் படிப்பு அப்படித்தான். எங்கோ நடந்த ஒரு நிறுவனத்தின் கதையைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள், அது மரியாதை.

அவளும் பெயர் இல்லாமல் சொன்னாள். ஒரு கல்லூரி. ஒரு வேலை. அதற்கு வந்தவர்களில் கெட்டிக்காரி ஒருத்தி. குழுவில் முதலில் பேச வேண்டியவள், அவளும் அதே தெரு, வேலை நிரந்தரம் இல்லை. வீட்டில் மூச்சுக்குத் திணறுகிற அப்பா. முதல் நாளே வீடு தேடி வந்து வேண்டாம் என்று சொல்லச் சொன்ன தலைவர். "இவங்க என்ன சொல்லணும்?"

முன்வரிசைப் பையன் தயங்கவே இல்லை. "வேண்டாம்னு சொல்லிடணும் மேடம். அப்பா இருக்காரே."

நிறையத் தலைகள் ஆமோதித்தன.

"அவங்க அப்பாவும் அதையேதான் சொன்னார்" என்றாள் வாத்தியாரம்மா.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எடுக்கணும்னு சொன்னாங்க."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா?"

"இல்லை."

"அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம் மேடம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.  "முழுசா எனக்கும் தெரியலைப்பா," என்றாள். "ஆனா அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொன்னது அவ தெருக்காரியேதான்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது."

 நடு வரிசையில் குட்டை முடிக்காரி மெல்லக் கையைத் தூக்கினாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"இது எந்தக் கல்லூரி மேடம்?"

கதவுக் கண்ணாடிக்கு வெளியே டீன் யாருடனோ சிரித்துப் பேசியபடி வந்துகொண்டிருந்தார். உள்ளே நிலவிய அமைதியைக் கவனித்து ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். வாத்தியாரம்மாவும் அவரைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இந்தக் கல்லூரிதான். இன்னைக்குக் காலையில."